576 கோடுகளுக்குள் ஒரு முகம்

விருத்தாசலம் பக்கத்துக் கல்யாண வீடியோ எதை எடுத்துப் போட்டாலும் முதல் ஐந்து நிமிடம் அசையாது. பழமலைநாதர் கோயில் கோபுரம், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர், குலதெய்வம், தாத்தா பாட்டி, பெண்ணின் சின்ன வயசுப் படம், மாப்பிள்ளை பட்டம் வாங்கிய படம், கடைசியில் பத்திரிகை. எல்லாம் போட்டோவாகத்தான் வந்து போகும், பின்னால் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர்கள் கண் எடுக்காமல் பார்ப்பதும் அந்த ஐந்து நிமிடத்தைத்தான். தாலி கட்டுவதை நேரிலேயே பார்த்தாகிவிட்டது. இறந்துபோன தாத்தாவை டி.வி. பெட்டிக்குள் அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

வீடியோ எடிட்டிங் என்றால் ஓடுகிற படத்தை வெட்டி ஒட்டுவது என்று நினைத்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். ஜங்ஷன் ரோட்டில் ஒரு ஸ்டூடியோ, மாடியில் மிக்ஸிங் ரூம். 2000-களின் நடுப்பகுதி அது. சின்ன டிஜிட்டல் கேசட்டில் எடுத்து வருவார்கள். ஒரு மணி நேர கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜி.பி. இடம் பிடிக்கும். ராத்திரி முழுக்க கேப்சர் ஓடும். திருச்சி பக்கம் போகும் ரயில்களின் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓடுகிற படம் தன் அளவோடு பிறந்து வருகிறது. அதை டைம்லைனில் போட்டால் சட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். போட்டோ அப்படியில்லை. ஒன்று 6-க்கு 4, ஒன்று பாஸ்போர்ட் சைஸ், ஒன்று பழைய 120 பிலிமில் எடுத்த சதுரப் படம், ஒன்று வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. ஒவ்வொன்றும் வேறொரு சட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. அவற்றை டி.வி. சட்டத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி என்பது போகப்போகத் தெரிந்தது.

முதலாளியை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பிலிம் கழுவும் காலத்திலிருந்து தொழிலில் இருந்தவர். கம்ப்யூட்டரை எங்களைவிட மெதுவாகத்தான் இயக்குவார், ஆனால் அளவு விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

ஒருநாள் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் துணிப்பை. அதில் ஒரு குரூப் போட்டோவும் ஒரு டிஸ்க்கும் இருந்தன. கணவர் செராமிக் கம்பெனியில் சூளை பார்த்தவர், இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவுநாளுக்கு வேறொரு கடையில் வீடியோ செய்து வாங்கியிருக்கிறார். கணவருக்கு இருந்த நல்ல போட்டோ அந்தக் குரூப் போட்டோ ஒன்றுதான். 10-க்கு 8 அங்குல கறுப்பு வெள்ளை. சூளைக்கு முன்னால் இரண்டு வரிசையாக ஆட்கள், முன்வரிசையில் பெஞ்சு, பின்வரிசையில் நிற்கிறவர்கள். டிஸ்க்கை ஓட்டச் சொன்னார். போட்டோ வந்தது, பிறகு கணவர் முகத்தை நோக்கி ஜூம் போனது.

“தம்பி, இவரு இப்படி இல்லப்பா. இந்த மூஞ்சி ஊதின மாதிரி இருக்கு. இவரு ஒல்லி.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படம் மங்கலாக இருந்தது தெரிந்தது, ஊதியதாகத் தோன்றவில்லை. அண்ணன் டிஸ்க்கை நிறுத்தச் சொன்னார். மேசையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து டி.வி. கண்ணாடிமேல் வைத்து அளந்தார். முகத்தின் நீளம் 80 மில்லிமீட்டர், அகலம் 64. பிறகு போட்டோவைத் தட்டையாக வைத்து, லூப்பை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு அளந்தார். நீளம் 12, அகலம் 9. காகிதத்தில் நீளத்தில் முக்கால் பங்காக இருந்த அகலம் டி.வி.யில் ஐந்தில் நான்கு பங்காகியிருந்தது. “ஆறேழு பர்சன்ட் அகலம் கூடியிருக்கு. அம்மா சொல்றது சரி” என்றார்.

ஆறேழு சதவீதத்தை ஒரு மனைவியின் கண் கண்டுபிடித்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு, ‘யாருக்குத் தெரியப்போவுது’ என்ற வார்த்தையை நான் இந்தத் தொழிலில் சொன்னதில்லை.

எப்படி அகலமானது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு பிக்சலும் சதுரம். அன்றைய நம் டி.வி. முறையான பி.ஏ.எல்.-இல் பிக்சல் சதுரமில்லை, கொஞ்சம் அகலமான செவ்வகம். டிஜிட்டல் வீடியோவுக்கு 1982-இல் உலகப் பொது விதி வகுத்தபோது, 525 கோடு ஓடும் அமெரிக்க, ஜப்பானிய முறைக்கும் 625 கோடு ஓடும் ஐரோப்பிய, இந்திய முறைக்கும் 13.5 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சாம்ப்ளிங் வேகத்தை வைத்தார்கள். இரண்டிலும் ஒரு கோட்டுக்கு 720 பிக்சல் என்று ஆனது. கோடுகளின் எண்ணிக்கை வேறு, கோட்டுக்குள் இருக்கும் பிக்சல் மட்டும் ஒன்று என்றால் பிக்சல் எப்படிச் சதுரமாக இருக்க முடியும்? அங்கே ஒல்லியானது, இங்கே அகலமானது. அதே 1982 ஆகஸ்டில்தான் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு வந்தது. ஆசிய விளையாட்டுக்காக வண்ண டி.வி. வாங்கிய வீடுகளில் பேசப்படாத இந்த விதி, இருபது வருஷம் கழித்து எங்கள் மாடி ரூமுக்கு வந்து சேர்ந்திருந்தது.

பி.ஏ.எல். படத்துக்குள் 720 அகலம், 576 உயரம். வகுத்தால் 5-க்கு 4. ஆனால் டி.வி. கண்ணாடி 4-க்கு 3. அதனால் பெட்டி அந்த 720 பிக்சலையும் 768 அளவுக்கு இழுத்துக் காட்டும். கேமராவில் எடுத்த படம் ஏற்கெனவே அந்தக் கணக்குக்கு ஒடுக்கப்பட்டுத்தான் வருகிறது, இழுத்தால் சரியாகிவிடும். போட்டோஷாப்பில் சதுர பிக்சலில் செய்த படத்துக்கு அந்த ஒடுக்கம் இல்லை. ஆகவே போட்டோவை 768-க்கு 576 ஆகத் தயார் செய்து, அதை 720-க்கு ஒடுக்குவதை எடிட்டிங் சாஃப்ட்வேரிடம் விட வேண்டும். (அடோபி 2008-இல் சி.எஸ்.4 பதிப்பில் கணக்கை இன்னும் நுணுக்கமாக்கி 768-ஐ 788 ஆக்கியது. அதுவரை நாங்கள் சேர்த்து வைத்திருந்த டெம்ப்ளேட்டெல்லாம் மாற்ற வேண்டிவந்தது.)

இப்போது அந்தப் போட்டோவைப் பாருங்கள். 10-க்கு 8 என்றால் அதுவும் 5-க்கு 4. முந்தைய கடையில் ஒருவர் ஸ்கேன் செய்து, வீடியோ 720-க்கு 576 என்று கேள்விப்பட்டு, அதே அளவுக்குச் சுருக்கியிருக்கிறார். ஒரு பிக்சல் மிச்சமில்லாமல் பொருந்தியிருக்கும். கறுப்புப் பட்டை இல்லை, வெட்ட வேண்டியதும் இல்லை. இதைவிடச் சரியாக இருக்க முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். சாஃப்ட்வேரும் 720-க்கு 576 என்ற எண்ணைப் பார்த்ததும், இது வீடியோவிலிருந்து எடுத்த படம் போலிருக்கிறது என்று தானாகவே அகல பிக்சலாக எடுத்துக்கொண்டுவிடும். டி.வி.யில் போட்டால் சூளைக்கு முன் நின்ற அத்தனை பேரும் பதினைந்தில் ஒரு பங்கு அகலமாகிவிட்டார்கள். பொருந்தாத அளவில் கொடுத்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. கச்சிதமாகப் பொருந்தியதால்தான் நடந்தது.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் தொழிற்பேட்டையில்தான் வேலை பார்த்தார், மோல்டு பிரிவில். எங்கள் ஊரில் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு நிறுவனமே இருக்கிறது. அப்பா அங்கே படித்தவரில்லை, கைப்பழக்கத்தில் கற்றவர். பீங்கான் பொருள் எதுவும் மோல்டின் அளவில் வெளியே வராது. காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். நூற்றுக்குப் பத்து சுருங்குகிற மண் என்றால், 100 மில்லிமீட்டர் உயரப் பொம்மைக்கு 111 மில்லிமீட்டர் மோல்டு வேண்டும். “சுருங்கறதப் பத்தி யாரும் கவலப்பட மாட்டாங்க. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கணும், அவ்வளவுதான். ஒரு பக்கம் கூடக் கொறச்சலா போச்சுன்னா கோணிக்கும், எடுத்து ஒடைக்கத்தான்” என்றார். என் வேலைக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. படம் சின்னதாகலாம், பெரிதாகலாம், ஓரம் வெட்டுப்படலாம். அகலத்துக்கு ஒரு கணக்கு, உயரத்துக்கு ஒரு கணக்கு என்று மட்டும் ஆகக் கூடாது.

அண்ணன் அந்தப் போட்டோவை மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னார், அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து. எனக்கு அப்போது ஒரு குழப்பம். வீடியோவுக்கு 72 டி.பி.ஐ. போதும் என்று எல்லாரும் சொல்வார்களே? அது பாதிதான் சரி. டைம்லைனுக்கு டி.பி.ஐ. என்று ஒன்று கிடையாது. ஃபைலில் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் அது எண்ணுவது பிக்சலை மட்டும். ஆனால் ஸ்கேனரில் அந்த எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காகிதத்தில் அந்த முகம் 12 மில்லிமீட்டர், அரை அங்குலத்துக்கும் குறைவு. 600-இல் ஸ்கேன் செய்தால் முகத்துக்கு ஏறக்குறைய 280 பிக்சல் கிடைக்கும். 576 கோட்டுச் சட்டத்தில் அது பாதி உயரம், நல்ல குளோசப். முந்தைய கடையில் செய்தது போல முழுப் படத்தையும் முதலில் 576 உயரத்துக்குச் சுருக்கிவிட்டால் அதே முகத்துக்கு 34 பிக்சல்தான் மிஞ்சும். பிறகு எத்தனை ஜூம் போட்டாலும் அந்த 34-தான் பெரிதாகும். டிஸ்க்கில் முகம் மங்கிப்போனதற்குக் காரணம் இதுவே.

600-க்கு மேலே போயும் பிரயோசனமில்லை. பிரிண்டில் இல்லாத விவரத்தை ஸ்கேனர் கொண்டுவராது, காகிதத்தின் நாரைத்தான் காட்டும்.

ஸ்கேன் ஆகி வந்தது 6000-க்கு 4800. கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் விரித்தால் 86 எம்.பி. எங்களிடம் இருந்த 512 எம்.பி. ராமில் அதைத் தூக்கி டைம்லைனில் போட்டால் எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் அப்படியே நின்றுவிடும். அதனால் இரண்டாகப் பிரித்தோம். முழுப் படம் ஒன்று, சட்டத்தைவிடக் கால் பங்கு பெரிதாக: 960-க்கு 720 கான்வாஸில், இரண்டு பக்கமும் போட்டோவின் ஓரச் சாம்பல் நிறத்தையே நிரப்பி. 125 சதவீதம் வரை உள்ளே போனாலும் உடையாது. அடுத்து அவர் முகத்தைச் சுற்றி அசல் ஸ்கேனிலிருந்தே வெட்டியெடுத்த படம். முதலாவது மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கரைந்து வரும்.

இரண்டாவதை எங்கே வெட்டுவது என்பதில்தான் அந்த அம்மா குறுக்கிட்டார். நான் 800-க்கு 600 வெட்டி, அவர் கணவர் முகம் நடுவில் வரும்படி வைத்திருந்தேன். இடப்பக்கம் நின்றவரின் காதும் பாதிக் கன்னமும் ஓரத்தில் தெரிந்தன. “அவரையும் சேத்துக் காட்டு தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சைக்கிள்ல போவாங்க.” 1200-க்கு 900 ஆக அகட்டினேன். இரண்டு முகமும் முழுதாக வந்தன. முகம் கொஞ்சம் சின்னதானது, படம் முன்னைவிடத் துல்லியமானது. குரூப் போட்டோவில் ஒருவரை மட்டும் பெயர்த்தெடுக்கும்போது பக்கத்தில் நின்றவர் யார் என்று கேட்டுவிட்டு வெட்டுவதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். குரூப் போட்டோ எடுத்தவன் சும்மா ஒன்றும் நிறுத்துவதில்லை. நிற்கிறவர்களும் தாங்களாகவே வேண்டியவர் பக்கத்தில்தான் போய் நிற்பார்கள்.

அசையாத படத்தின்மேல் கேமராவை நகர்த்தி உயிர் கொடுப்பது பழைய கலை. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் காலின் லோவும் வுல்ஃப் கெய்னிக்கும் 1957-இல் ‘சிட்டி ஆஃப் கோல்டு’ எடுத்தார்கள். தங்கம் தேடிப் போனவர்களின் டாசன் நகரத்தைப் பழைய போட்டோக்களின்மேல் கேமராவை ஊரவிட்டே காட்டினார்கள். கிரிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ 1962-இல் வந்தது, ஏறக்குறைய முழுக்க அசையாப் படங்கள். கென் பர்ன்ஸ் 1990-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றித் தொடர் செய்த பிறகு, ஆப்பிள் தன் ஐமூவியில் இந்த நகர்வுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டது. அவர்களுக்கெல்லாம் கேமரா நிஜமான காகிதத்தின்மேல் நகர்ந்தது. கிட்டப் போகப்போக விவரம் கூடிக்கொண்டே வரும். எங்கள் டைம்லைனில் கிட்டப் போனால் பிக்சல் தீர்ந்துவிடும். எவ்வளவு கிட்டப் போகப்போகிறோம் என்பதை ஸ்கேன் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

அளவு சரியாக அமைந்தபிறகும் டி.வி. பெட்டி சில தொந்தரவுகளை வைத்திருந்தது. 576 கோட்டையும் அது ஒரே தடவையில் வரையாது. 288 ஒற்றைப்படைக் கோடு, பிறகு 288 இரட்டைப்படைக் கோடு என்று மாற்றி மாற்றி வரையும். ஒரே ஒரு பிக்சல் கனத்தில் ஒரு படுக்கைக் கோடு இருந்தால் அது ஒரு சுற்றில் தெரியும், மறு சுற்றில் காணாமல் போகும். பார்க்கிறவருக்கு அந்தக் கோடு துடிக்கும். பழமலைநாதர் கோபுரத்தின் சுதை வரிசைகள், பட்டுப்புடவை ஜரிகை, பத்திரிகையின் பொடி எழுத்து எல்லாமே இப்படித் துடிக்கும். கம்ப்யூட்டர் மானிட்டரில் அது தெரியாது, டி.வி.யில் போட்டால்தான் தெரியும். கோபுரப் படத்தை மிக லேசாக, செங்குத்துத் திசையில் மட்டும், மங்கலாக்கினால் துடிப்பு அடங்கும். கூர்மையாக இருப்பதுதான் நல்ல படம் என்று பழகிய கைக்கு அது கஷ்டமான வேலை. பழைய பிக்சர் டியூப் பெட்டிகள் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கவும் செய்யும். பெயர் எழுத்துகளை நடு 80 சதவீதத்துக்குள் வைக்காவிட்டால், ‘இப்படிக்கு’க்குக் கீழே இருக்கும் தாய்மாமன் பெயர் பாதி காணாமல் போய் வீட்டில் சண்டை வரும்.

பிறகு ஹெச்.டி. வந்தது. 1920-க்கு 1080, பிக்சல் சதுரம். முகம் ஊதும் பயம் தீர்ந்தது, ஆனால் சட்டம் 16-க்கு 9 ஆக நீண்டுவிட்டது. 6-க்கு 4 போட்டோ அதில் 1620 அகலம்தான் நிரப்பும், பக்கத்துக்கு 150 பிக்சல் காலி. நிரப்பித்தான் தீர வேண்டும் என்றால் 1920-க்கு 1280 ஆக்கி மேலும் கீழும் நூறு நூறு வெட்ட வேண்டும். மேலே வெட்டினால் கொண்டை போகும், கீழே வெட்டினால் கால். எல்லாரும் அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாக்கிப் பின்னால் ஒட்டத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு அது பரவாயில்லை. நினைவஞ்சலிக்கு நான் அதைச் செய்வதில்லை. இறந்தவர் முகத்துக்குப் பின்னால் அவர் முகமே பெரிதாக, உருத்தெரியாமல் நிற்பது எனக்குப் பொறுக்காது. வெறும் கறுப்பு போதும், அவர் நிற்கட்டும்.

படங்களை நீள ஷீட்டாக அச்சிடும் கரிஷ்மா ஆல்பம் வந்ததும் வேறு தலைவலி. 12-க்கு 36 அங்குல ஷீட், 300 டி.பி.ஐ. என்றால் 10800-க்கு 3600. ‘ஷீட்டையே வீடியோவுல போட்டுடுங்க’ என்பார்கள். போட்டால் 1920-க்கு 640 என்று ஒரு பட்டையாக நடுவில் தொங்கும், மேலும் கீழும் கறுப்பு. உயரத்தை நிரப்பி வலப்பக்கமாக நகர்த்துவதுதான் அதற்குச் சரியான வழி. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. பிரீமியரில் வலது கிளிக் செய்தால் அடுத்தடுத்து இரண்டு கட்டளைகள் இருக்கும்: ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ், செட் டு ஃபிரேம் சைஸ். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது, படத்தையே சட்ட அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. பிறகு கிட்டப் போனால் அந்த 34 பிக்சல் கதைதான். இரண்டாவது அசல் பிக்சலைத் தொடாமல் ஸ்கேல் எண்ணை மட்டும் மாற்றுகிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைத்தான் காட்டுகிறேன்.

அந்த அம்மாவின் குரூப் போட்டோ 2011 டிசம்பர் 30-இல் தானே புயலில் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. கூரை போய்விட்டதாம். மகன் வந்து கேட்டபோது 6000-க்கு 4800 ஸ்கேன் எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருந்தது. வீடியோ முடிந்ததும் 768 அளவுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய ஃபைலை அழிப்பது அன்றைக்கு எல்லாக் கடையிலும் வழக்கம், இடம் பத்தாது. அண்ணன் அழிக்கவிட மாட்டார். அதிலிருந்து 10-க்கு 8 பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். ஹெச்.டி.க்கும் அதே ஸ்கேன்தான்: அந்த இரண்டு நண்பர்களையும் 1600-க்கு 900 ஆக வெட்டினால், ஐந்தில் ஒரு பங்கு மட்டும் பெரிதாக்கிச் சட்டத்தை நிரப்ப முடிந்தது.

இப்போது வீட்டுக்காரர்கள் பழைய போட்டோவைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். வரும்போது சுருங்கி வரும். “அக்கா, போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா அனுப்புங்க. இல்லன்னா போட்டோவையே கொண்டாந்து குடுங்க, பத்து நிமிஷத்துல ஸ்கேன் பண்ணித் தந்துடறேன்” என்று தினமும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் அந்த அம்மாவின் பேத்தி கேட்டாள், தாத்தா நினைவுநாளுக்கு ரீல்ஸ் வேண்டும் என்று. சட்டம் இப்போது எழுந்து நின்றுவிட்டது, 1080 அகலம், 1920 உயரம். 5-க்கு 4 போட்டோவை முழுதாக வைத்தால் 864 உயரத்துக்கு நடுவில் ஒரு துண்டு. எங்கள் பையன் மேலும் கீழும் எழுத்து போடலாம் என்றான். வேண்டாம், உயரத்தை நிரப்பு என்றேன். 4800-ஐ 1920 ஆக்கினால் 6000 அகலம் 2400 ஆகும். 1080 அகல ஜன்னல் வழியாக இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை 1320 பிக்சல் நகர இடம் கிடைக்கிறது. ஃபிரேமுக்குச் சரியாக இரண்டு பிக்சல் என்று வைத்தால் ஓரங்கள் நடுங்காது. பின்னத்தில் வைத்தால் மெல்லிய கோடெல்லாம் மினுக்கும். 660 ஃபிரேம், விநாடிக்கு 25 என்றால் 26 விநாடிக்குக் கொஞ்சம் மேலே.

“ரீல்ஸுக்கு ரொம்ப ஸ்லோண்ணே, யாரு அவ்வளவு நேரம் பாப்பாங்க” என்றான் பையன்.

“பாப்பாங்க. அத்தன பேர் நிக்கறாங்கல்ல” என்றேன். அப்படியே ரெண்டர் போட்டோம்.